மகனோடு கேசினோவுக்குப் போய்வந்த அப்பாவுக்கு

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒரே மகன், பொறியாளர், சிங்கப்பூரில் நிரந்தரவாசி. மருமகளும் வேலைக்குப் போகிறார். இரண்டு வயதில் ஒரு பேரன். பேரனைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை இரவு, "சும்மா சுத்திப் பாத்துட்டு வரலாம்பா" என்று மகன் இவரை மரினா பே சாண்ட்ஸ் கேசினோவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மருமகளிடம் சொன்னது வேறு: "அப்பாவுக்கு லைட் ஷோ காட்டிட்டு வரேன்."

இவர் தீபாவளிக்குக்கூடச் சீட்டைத் தொடாதவர். மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றி வேடிக்கை பார்த்திருக்கிறார். சுவரில் கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை. சினிமாவில் வருவதுபோல் கோட்டும் சூட்டுமாக யாரையும் காணோம். எல்லாரும் சாதாரண உடையில், தோளில் பையோடு இருந்தார்கள். ஜாக்பாட் மெஷின் முன்னால் தன் மனைவி வயதுப் பெண்கள். சீட்டின் ஓரத்தை மெல்ல மடக்கிப் பார்த்து அதன்மேல் ஊதுகிறவர்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் சின்ன அட்டையில் குறித்துக்கொண்டே இருப்பவர்கள், "பரீட்சை ஹால் மாதிரி". ஜெயித்தவர் துள்ளவில்லை, தோற்றவர் அழவில்லை என்பதுதான் இவரை அதிகம் உறுத்தியிருக்கிறது.

மகன் பாக்கரா என்ற சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்தார். ஊழியர் ஒருவர் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார். உறுப்பினர் அட்டையைக் காட்டி அப்பாவுக்கு இலவசச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது 800 டாலர் ஜெயித்ததாகச் சொல்லி, மறுநாள் அப்பாவுக்கு ஷூ எடுத்துத் தந்தார். டாக்ஸியில் வரும்போது ஒரு வார்த்தை: "இந்த வருஷம் கொஞ்சம் போயிருக்குப்பா. அதை எடுத்துட்டா நிறுத்திடுவேன். ஆபீஸ் டென்ஷனுக்கு இது ஒரு ரிலாக்ஸ், அவ்வளவுதான்." ஊர் திரும்பிய பிறகுதான் இவருக்குப் பழையது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்கிறது. வீட்டில் மராமத்து என்று மகன் இரண்டு தடவை பணம் கேட்டதும், வைப்புநிதியை உடைத்து ஆறு லட்சம் அனுப்பியதும், போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் மராமத்து நடந்த சுவடே இல்லாததும்.

இப்போது கேட்கிறார்: என் மகன் அடிமையாகிவிட்டானா? மூன்று மா நிலம் இருக்கிறது, அதை விற்றுக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாமா? மருமகளிடம் சொல்வதா, மறைப்பதா? குடும்பத்தார் மனுப் போட்டால் கேசினோவில் விடமாட்டார்களாமே, அது போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

ஐயா,

உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. கடிதத்தை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது, கூடாது. ஆனால் நீங்கள் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். கவனித்ததற்கு நீங்கள் கொடுக்கும் அர்த்தத்தில்தான் சில இடங்களில் மாறுபடுகிறேன். அந்த ஹாலைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள், அதன் வாசலில் நடந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாசலில் நடந்தது

"நான் வெளிநாட்டவர் வரிசையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போனேன். அவன் வேறு வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டான். அவனுக்கும் இலவசம் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத்தான் நுழைவு வரி கிடையாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலரோ, வருடம் முழுவதுக்கும் சேர்த்து 3,000 டாலரோ கட்ட வேண்டும். 2010-ல் அங்கே கேசினோக்கள் திறந்தபோது இது 100, 2,000 என்று இருந்தது, 2019-ல் ஏற்றினார்கள். உள்ளூர்க்காரர்கள் சும்மா எட்டிப்பார்க்க வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆக, மகன் வாசலில் பணம் கட்டவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முன்கூட்டியே இணையத்தில் கட்டியிருக்கலாம். அதற்கு முந்தின 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை வந்திருக்கலாம். அல்லது வருட வரி வாங்கி வைத்திருக்கலாம். எது என்று அவர்தான் சொல்ல வேண்டும். வருட வரி என்றால், 3,000-ஐ 150-ஆல் வகுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடத்துக்கு இருபது தடவைக்கு மேல் வருவோம் என்று நினைக்கிறவர்தான் அதை வாங்குவார்.

இலவசச் சாப்பாடும் அப்படியே. "என் மகனுக்கு அங்கே அவ்வளவு மரியாதை" என்று உங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுப்பினர் அட்டை, ஒருவர் எவ்வளவு நேரம், எவ்வளவு பந்தயம் வைத்து ஆடுகிறார் என்பதைக் கணக்கு வைக்கிறது. சலுகைப் புள்ளிகள் ஏறுவது அந்த ஆட்டத்தின் அளவைப் பொறுத்து. எப்போதாவது எட்டிப்பார்க்கிறவருக்கு இரண்டு பேர் சாப்பாடு சும்மா வராது.

தில்லுமுல்லு தேவையே இல்லை

"பந்து சுழலும் ரூலெட் சக்கரத்தில் சிவப்பு 18, கருப்பு 18, பூஜ்யம் ஒன்றே ஒன்று. இத்தனை சின்ன வித்தியாசத்தை வைத்து இத்தனை பெரிய கட்டடம் எழும்புமா? உள்ளே ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது" என்கிறீர்கள். இல்லை, ஐயா. அந்தச் சின்ன வித்தியாசமே போதும். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம். 'பேங்கர்', 'பிளேயர்' என்ற இரண்டு கைகளில் எது ஜெயிக்கும் என்று கட்டுவதுதான் மகன் ஆடிய பாக்கரா. அதில் இன்னும் குறைவு: 'பேங்கர்' பக்கம் கட்டினால் 1.06, 'பிளேயர்' பக்கம் கட்டினால் 1.24. 'டை', அதாவது இரண்டும் சமம் என்று கட்டினால் மட்டும் 14-க்கு மேல்.

இந்தச் சதவீதம் அவர் பாக்கெட்டில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, மேசையில் சுழலும் பணத்துக்கு. ஆட்டத்துக்கு 50 டாலர், மணிக்கு 70 ஆட்டம் என்று வையுங்கள். கையில் 500 டாலரோடு உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் அவர் கட்டிய மொத்தப் பந்தயம் 3,500. அதில் 1.24 சதவீதம் ஏறக்குறைய 43 டாலர். இது சராசரிதான். ஒரு இரவில் ஏறும், இறங்கும். அதனால் 800 ஜெயித்தது பொய் என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே நடக்கக்கூடியது. ஆனால் வருடத்துக்கு நூறு மணி நேரம் ஆடினால் சராசரி இழப்பு 4,300-ஐத் தாண்டும். வருட வரியைச் சேர்த்தால் 7,300 டாலர். அதுவும் பந்தயத்தை 50-லேயே வைத்திருந்தால். விட்டதைப் பிடிக்க ஆரம்பித்தவர் 50-ல் நிற்பதில்லை.

அட்டையில் குறித்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய முடிவுகளில் ஒரு வரிசை தெரிகிறது, அடுத்தது என்ன வரும் என்று அதிலிருந்து கணித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான். 1913 ஆகஸ்டில் மான்டி கார்லோவில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 தடவை கருப்பில் விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். பாக்கராவில் போட்ட சீட்டு திரும்ப வராது என்பதால் ஒவ்வொரு ஆட்டமும் முற்றிலும் தனியானது அல்ல, நீங்கள் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அதனால் வரும் வேறுபாடு, கேசினோவின் பங்கைத் தாண்டுகிற அளவுக்கு இல்லை. அப்படி இருந்திருந்தால் அந்த அட்டையையும் பேனாவையும் கேசினோவே கொடுக்குமா?

இதில் முக்கியமாக ஒன்றைத் திருத்த வேண்டும். "கணக்கில் புலி, அவன் இதில் மாட்டமாட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிரச்சினையோடு ஆலோசனைக்கு என்னிடம் வந்தவர்களில் கணக்காளர்களும் வங்கிக்காரர்களும் உண்டு. நிகழ்தகவு அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நூலிழையில் தவறிய ஆட்டத்துக்கு மூளை கிட்டத்தட்ட ஜெயித்த ஆட்டத்துக்குப்போலவே கிளர்ச்சி அடைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எப்போது வரும் என்று தெரியாத பரிசு, மாதம் தவறாமல் வரும் பரிசைவிட ஆளை இறுக்கமாகப் பிடித்துவைக்கும். அங்கே இயற்பியலும் கணக்கும் படித்த மூளைக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை.

அடிமையா, இல்லையா?

"முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை, அமைதியாகத்தான் ஆடினான்" என்பதை நீங்கள் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஹாலில் யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே! பழகியவர் அமைதியாகத்தான் ஆடுவார். முகத்தில் தேடாமல் நடத்தையில் பாருங்கள்.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில், 2013 முதல் சூதாட்டப் பாதிப்பு மது, போதைப்பொருள் அடிமைத்தனம் உள்ள அதே அத்தியாயத்தில் இருக்கிறது. ஒன்பது அறிகுறிகள் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் பாதிப்பு என்று கொள்வார்கள். விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, ஆடுவதை மறைக்கப் பொய் சொல்வது, பண நெருக்கடிக்கு மற்றவர்களை நம்பியிருப்பது ஆகிய மூன்றும் உங்கள் கடிதத்திலேயே தெரிகின்றன. மன உளைச்சலுக்கு மருந்தாக ஆடுவதும் பட்டியலில் உண்டு. 'ஆபீஸ் டென்ஷன்' அதுதானா என்பதை அவரிடம் உட்கார்ந்து பேசுகிறவர்தான் சொல்ல முடியும். பெயர் எதுவானாலும், உதவி தேவைப்படும் கட்டத்துக்கு வந்துவிட்டார். சிங்கப்பூரில் மனநலக் கழகத்திலேயே இதற்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை எடுத்து மீண்டவர்கள் நிறைய.

உங்கள் மனைவி திருநாகேஸ்வரத்தில் பரிகாரம் செய்திருக்கிறார். செய்யட்டும், அவர் மனதுக்கு நல்லது. ஆனால் மகனை ஊருக்கு வரவழைத்து, சாமி முன்னால் இனி ஆடமாட்டேன் என்று சத்தியம் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். இந்தப் பாதிப்பில் ஒன்றிரண்டு தடவை சறுக்குவது சாதாரணம். சத்தியம் செய்தவர் சறுக்கினால் வந்து சொல்லமாட்டார், இன்னும் ஆழமாக மறைப்பார்.

நிலமும் மருமகளும்

நிலத்தை விற்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடன் மொத்தமும் ஒரே நாளில் காணாமல் போனால், ஆடியதன் விளைவும் காணாமல் போகும். வங்கியிலும் கடன் அட்டையிலும் திரும்ப இடம் கிடைக்கும். ஆறு லட்சம் அனுப்பினீர்கள், என்ன ஆயிற்று? அது உங்கள் தவறல்ல. மராமத்துக்கு என்று நம்பிக் கொடுத்தீர்கள். இப்போது தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு. சட்டப்படியும், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை மகனின் கடனுக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை. யாராவது காகிதம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

முதலில் கடன் எவ்வளவு, யாரிடம் என்று தெரிய வேண்டும். சிங்கப்பூர்க் கேசினோவுக்குள் ஏடிஎம் வைக்கக் கூடாது. ஒரு லட்சம் டாலர் வைப்பு வைத்திருக்கும் பெரும்புள்ளிகளைத் தவிர, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கேசினோ கடன் தரவும் கூடாது. அதனால் கடன் வெளியே எங்கோதான் இருக்கும்: வங்கி, கடன் அட்டை, உரிமம் பெற்ற வட்டிக்கடை, நண்பர்கள். உரிமம் பெற்ற கடையில்கூட மாத வட்டி 4 சதவீதம் வரை போகலாம். உரிமம் இல்லாதவர்களிடம் வாங்கியிருந்தால் அது ஆபத்து. மிரட்டல் வந்தால் உடனே போலீஸுக்குப் போக வேண்டும். தன் கடன் அறிக்கையை மகனே கேட்டு வாங்கலாம். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற தொண்டு அமைப்பு, கடன்காரர்களோடு பேசித் தவணைத் திட்டம் போட உதவுகிறது. நீங்கள் உதவியே ஆக வேண்டும் என்று தோன்றினால், பேரனின் காப்பகக் கட்டணம் போன்ற ஒன்றை நேராக அந்த இடத்துக்கே கட்டுங்கள். மகன் கையில் ரொக்கமாகத் தராதீர்கள்.

மருமகளிடமிருந்து மறைப்பது சரியல்ல. "சொன்னால் குடும்பம் உடைந்துவிடும்" என்று பயப்படுகிறீர்கள். அவருடைய சம்பளமும் அந்த வீட்டுக்குள்தானே போகிறது? கூட்டுக் கணக்கில் என்ன நடக்கிறது, வீட்டுக் கடன் தவணை ஒழுங்காகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அவர் தனியாகக் கண்டுபிடித்து, மாமனாருக்கு முன்பே தெரியும் என்பதும் தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆனால் நீங்களே போன் போட்டு உடைத்துவிடாதீர்கள். மகன் தானாகச் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குள் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள் என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

தடை மனு

இது குற்ற வழக்கு அல்ல, போலீஸ் புகாரும் அல்ல. நேஷனல் கவுன்சில் ஆன் ப்ராப்ளம் கேம்ப்ளிங் என்ற அமைப்பு இதைக் கவனிக்கிறது. மகன் தானே விண்ணப்பித்துத் தன்னைத் தடை செய்துகொள்ளலாம். குறைந்தது ஒரு வருடத்துக்கு அதை விலக்கிக்கொள்ள முடியாது. அவர் மறுத்தால், மனைவியோ பெற்றோரோ உடன்பிறந்தவரோ குடும்பத் தடைக்கு மனுப் போடலாம். ஒரு குழு இரு தரப்பையும் விசாரித்து முடிவு செய்யும். விசாரணைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், ஊரில் இருக்கும் உங்களைவிட மருமகள் மனுப் போடுவதே நடைமுறைக்குச் சரி. முழுத்தடை வேண்டாம் என்றால், மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைக்கும் வழியும் இருக்கிறது.

என் அனுபவத்தில், ஆளே முன்வந்து போட்டுக்கொண்ட தடை நன்றாக நிலைக்கிறது. குடும்பம் போட்ட தடை கோபத்தைக் கிளறினாலும், பணம் கரைவதை நிறுத்தி மூச்சுவிட நேரம் தருகிறது. இரண்டுக்கும் எல்லை உண்டு. சிங்கப்பூர்த் தடை மலேசியாவின் கெந்திங் கேசினோவில் செல்லாது. அங்கே பேருந்திலேயே போய்விடலாம். கைப்பேசியில் வரும் சட்டவிரோதத் தளங்களையும் அது தடுக்காது. அதனால் தடையோடு சிகிச்சையும் வேண்டும், வீட்டுப் பணத்தைக் கொஞ்ச காலம் மருமகள் கையில் ஒப்படைப்பதும் வேண்டும்.

பேசும்போது

வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள். பெயர் கெட்டது, மானம் போயிற்று என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "வாசலில் நீ பணம் கட்டலை. டாக்ஸியில் கொஞ்சம் போயிருக்குன்னு சொன்னே. வீட்டில் மராமத்து எதுவும் நடக்கலை. எனக்குக் கவலையா இருக்கு, என்னன்னு சொல்லு." அப்புறம் அவரைப் பேச விடுங்கள். முதலில் கோபப்படுவார், தொகையைக் குறைத்துச் சொல்வார். அன்றைக்கே எல்லாம் வெளியே வராது.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சூதாட்டக் கடனில் மாட்டியவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம், குறிப்பாக மறைத்தது வெளியே வரும் நாட்களில். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், பணப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு மருமகளை உடனே அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1767 என்ற எண் இதற்காகவே 24 மணி நேரமும் இயங்குகிறது. சூதாட்டப் பிரச்சினைக்கான எண் 1800-6-668-668. குடும்பத்தாரும் அதில் பேசலாம், மருமகளுக்குத் தெரிந்த பிறகு அவரே கூப்பிடட்டும்.

நீங்களும் பல இரவுகளாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது: 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மகனிடம் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை அங்கே பேசிவிடுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்பதை வேறு ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், மகனிடம் பேசும்போது குரல் அவ்வளவு நடுங்காது.